பேரனின் புத்தகமும் பாட்டியின் காதும்

ஆயர் ஈத்தாம் என்றதும் வெளியூர்க்காரர்களுக்குச் சாலையோரத்து மண்பாண்டக் கடைகள்தாம் நினைவுக்கு வரும். வடக்கே யோங் பெங், மேற்கே பத்து பகாட், கிழக்கே குளுவாங், தெற்கே கூலாய் என்று நாலா திக்கிலிருந்தும் வரும் சாலைகள் கூடுகிற சிற்றூர் இது. சுற்றுவட்டாரத் தோட்டங்களில் உள்ள நம்மவர்களுக்குச் சாமான் வாங்கவும், பஸ் ஏறவும், ஒருவரை ஒருவர் சந்திக்கவும் இதுதான் இடம்.

சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை, அங்குள்ள சாப்பாட்டுக் கடை ஒன்றில் தேநீர் அருந்திக்கொண்டிருந்தேன். முப்பது வயதைத் தாண்டிய ஒருவர் என் மேசைக்கு வந்து நின்றார். கூடவே ஒரு மூதாட்டியும் எட்டு வயதுப் பையனும்.

"சார், என்னைத் தெரியுதா?"

தெரிந்தது. நான் பயிற்சி முடித்து ஆசிரியனாக வந்த புதிதில் என்னிடம் படித்த பிள்ளை. இப்போது லாரி பழுது பார்க்கும் பட்டறை ஒன்றில் வேலை. கைராசிக்காரர் என்று பெயர் வாங்கியவர். சட்டைப் பையிலிருந்து மடித்த கடிதம் ஒன்றை எடுத்து நீட்டினார்.

"பையனோட பள்ளிக்கூடத்திலிருந்து வந்திருக்கு சார். பையனை நிறுத்தப் போறாங்களா? படிச்சுச் சொல்லுங்க சார்."

கடிதத்தைப் படித்தேன். நிறுத்துவதாக அதில் ஒரு வார்த்தையும் இல்லை. பையனுக்கு வாசிப்பில் சிரமம் இருப்பதால் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுமாறு பெற்றோரைக் கேட்டிருந்தார்கள். "டிஸ்லெக்சியா" என்ற சொல் அதில் இருந்தது.

பக்கத்தில் இருந்த மூதாட்டியிடம், "பேரன் நல்லாப் படிப்பான், கவலைப்படாதீங்க அம்மா" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே, "நான் இப்பத்தான் குடிச்சேன் வாத்தியாரய்யா, நீங்க குடிங்க" என்றார். மகன் தலையைக் குனிந்துகொண்டார். "அம்மாவுக்குக் காது சரியில்லை சார். அதனால வீட்டுல யாருகூடவும் பேசுறதில்லை."

வாசகர்களே, அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்தத் தகப்பனார் சிறுவனாக என் வகுப்பில் உட்கார்ந்திருந்தபோது, வாசிக்கத் தெரியவில்லை என்பதற்காக அவர் உள்ளங்கையில் பிரம்பால் அடித்தவன் நான். மனக்கணக்கில் புலி, கதை சொன்னால் ஒரு வரி விடாமல் திருப்பிச் சொல்வார், புத்தகத்தைத் திறந்தால் மட்டும் திணறுவார். "சோம்பேறி" என்று முடிவு கட்டினேன். அந்தப் பிள்ளை சோம்பேறி அல்ல. எனக்குத்தான் விஷயம் தெரியவில்லை. தெரிந்துகொண்டதை உங்களிடம் சொல்லவே இந்தக் கட்டுரை.

பழைய குறை, புதிய விளக்கம்

1896-ஆம் ஆண்டில் பிரிங்கிள் மோர்கன் என்ற ஆங்கிலேய டாக்டர் ஒரு சிறுவனைப் பற்றி மருத்துவ ஏட்டில் எழுதினார். பையனுக்கு வயது 14. கண் பார்வை நன்று, புத்தியும் கூர்மை. ஆனால் எத்தனை ஆண்டுகள் சொல்லிக்கொடுத்தும் எழுத்துக்கூட்டிப் படிக்க வரவில்லை. பாடம் முழுவதையும் வாய்மொழியாக நடத்தினால் பள்ளியிலேயே கெட்டிக்காரன் இவன்தான் என்று அவனுடைய ஆசிரியர் கருதியதாகவும் டாக்டர் குறிப்பிட்டார். நூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன்பே ஓர் ஆசிரியருக்குப் புலப்பட்டது எனக்குப் புலப்படவில்லை பாருங்கள்!

இதைத்தான் டிஸ்லெக்சியா என்கிறோம். நூறு பிள்ளைகளில் ஐந்து முதல் பத்துப் பேர் வரை இந்தச் சிரமம் இருக்கலாம் என்பது ஆராய்ச்சியாளர்கள் பலரின் கணிப்பு. இருபது பேர் உள்ள வகுப்பில் ஒருவரோ இருவரோ இருக்கக்கூடும். இது குடும்பத்தில் தொடர்வதும் உண்டு. தகப்பனுக்கு இருந்தது பிள்ளைக்கும் வரலாம். 2007-இல் வெளிவந்த அமீர் கானின் "தாரே ஜமீன் பர்" படத்தைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சிரமம் புதிதல்ல. அதில் வரும் சிறுவனுக்கும் இதே குறைதான்.

கண்ணில் கோளாறு இல்லை, புத்தியிலும் குறைவில்லை. அப்படியானால் தடை எங்கே? இதற்கு விடை தேடத்தான் மூளையைப் படம் பிடித்துப் பார்க்கிறார்கள்.

மண்டையைத் திறக்காமல் மூளையைப் பார்ப்பது

எம்.ஆர்.ஐ. யந்திரத்தை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். பெரிய குழாய் போன்ற அதற்குள் ஆளைப் படுக்க வைப்பார்கள். எக்ஸ்ரே கதிர் இதில் கிடையாது. பலமான காந்தமும் வானொலி அலையும் கொண்டு உடம்பில் உள்ள நீரின் அணுக்களிலிருந்து படம் எடுக்கிறது. இந்த முறையை வளர்த்த லாட்டர்பர், மான்ஸ்ஃபீல்டு என்ற இருவருக்கும் 2003-இல் நோபல் பரிசு கிடைத்தது.

1990-இல் செய்ஜி ஒகாவா என்ற ஜப்பானிய விஞ்ஞானி இன்னொரு வழியைக் காட்டினார். மூளையில் எந்தப் பகுதி வேலை செய்கிறதோ அந்தப் பகுதிக்குப் பிராணவாயு கலந்த இரத்தம் கூடுதலாக ஓடும். அந்த மாற்றத்தையும் இதே யந்திரத்தால் பதிவு செய்யலாம். இதனால், ஒருவர் வாசிக்கும்போது மூளையில் எந்தெந்த இடங்கள் வேலை செய்கின்றன, பேச்சைக் கேட்கும்போது எந்தெந்த இடங்கள் என்று காண முடிந்தது.

வாசிப்பு பிறவியில் வருவதல்ல

பேச்சு பிள்ளைக்குத் தானாக வருகிறது. வாசிப்பு அப்படி வருவதில்லை. மனிதன் எழுத்தைக் கண்டுபிடித்துச் சில ஆயிரம் ஆண்டுகளே ஆகின்றன. வாசிப்பதற்கென்று மூளையில் பிறவியிலேயே அமைந்த இடம் எதுவும் இல்லை. பார்ப்பதற்கும் பேச்சொலியைப் பிரிப்பதற்கும் உள்ள பகுதிகளை இணைத்து, ஒவ்வொரு பிள்ளையும் தன் மூளையில் புதிதாகப் பாதை போட வேண்டியிருக்கிறது. செம்பனைத் தோட்டத்தில் ரோடு போடுவதைப் போலத்தான். சிலருக்கு மண் இளகியிருக்கும், சிலருக்குப் பாறை குறுக்கிடும்.

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டாக்டர் சாலி ஷேவிட்ஸ் குழுவினர் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், டிஸ்லெக்சியா உள்ளவர்கள் வாசிக்கும்போது மூளையின் பின்பகுதியில் உள்ள வாசிப்புப் பாதை மந்தமாக வேலை செய்வதைப் படங்களில் கண்டார்கள். "மரம்" என்ற சொல்லில் ம, ர, ம் என்ற ஒலிகளைப் பிரித்து எழுத்தோடு பொருத்துவதில்தான் பெரும்பாலான இப்பிள்ளைகளுக்குத் தடுமாற்றம் ஏற்படுகிறது.

2004-இல் அதே குழு மற்றொரு முடிவை வெளியிட்டது. வாசிப்பில் பின்தங்கிய 6 முதல் 9 வயதுப் பிள்ளைகளுக்கு ஒலியையும் எழுத்தையும் பொருத்தும் பயிற்சியைத் தினமும் 50 நிமிடம், எட்டு மாதம் கொடுத்தார்கள். வாசிப்பு முன்னேறியது. ஓராண்டு கழித்து எடுத்த படத்திலும் மந்தமாயிருந்த இடப்பக்கப் பாதையில் வேலை கூடியிருந்தது. அதாவது பாறைமேலும் ரோடு போடலாம். தக்க கருவியும் பொறுமையும் வேண்டும். நான் கையிலெடுத்த பிரம்பு அந்தக் கருவி அல்ல.

நம் எழுத்துக்கும் இதில் ஒரு சேதி உண்டு. இந்தியாவில் மானேசரில் உள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையத்தில் நந்தினி சாட்டர்ஜி சிங் குழுவினர் இந்தி எழுத்தை வாசிப்பவர்களின் மூளையை ஆராய்ந்து 2009-இல் எழுதினார்கள். இந்தியில் உயிர்க்குறிகள் எழுத்துக்கு மேலும் கீழும் முன்னும் பின்னும் வருகின்றன. அதை வாசிக்க இடப்பக்க மூளையோடு வலப்பக்கத்துப் பகுதிகளும் வேலை செய்வதைக் கண்டார்கள். நம் தமிழிலும் "கெ" என்றால் கொம்பு முன்னே, "கா" என்றால் கால் பின்னே, "கொ" என்றால் இரண்டு பக்கமும். 247 எழுத்துகள், ல, ள, ழ என்றும் ந, ன, ண என்றும் நெருங்கிய ஒலிகள். அதோடு நம் பிள்ளைகள் ஒன்றாம் வகுப்பிலேயே மலாயும் ஆங்கிலமும் படிக்கிறார்கள். எழுத்து வரவில்லை என்றால் உடனே கையை ஓங்காமல், அந்தச் சின்னத் தலை எத்தனை வேலை செய்கிறது என்று ஒரு கணம் எண்ணிப் பாருங்கள்.

முப்பது வயதிலும் முடியும்

"எங்களுக்கு வயசாயிடுச்சு, இனிமே எங்கே?" என்பவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. வட இந்தியாவில் லக்னோ நகரை அடுத்த கிராமங்களில் எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களைக் கொண்டு நடந்த ஆராய்ச்சி 2017-இல் வெளிவந்தது. அவர்களில் பெரும்பாலோர் முப்பது வயதையொட்டிய கிராமத்துப் பெண்கள். 21 பேருக்கு ஆறு மாதம் இந்தி எழுத்தும் வாசிப்பும் கற்பித்தார்கள். தொடங்கும் முன்னும் முடிந்த பின்னும் லக்னோவிலேயே மூளைப் படம் எடுத்துப் பார்த்தார்கள். மூளையின் மேற்பரப்பில் மட்டுமல்ல, ஆழத்தில் உள்ள பழைய பகுதிகளிலும் மாற்றம் தெரிந்தது. வயல் வேலையும் வீட்டு வேலையும் செய்துவந்தவர்களுக்கு ஆறு மாதத்தில் இது கைகூடியது என்றால் நமக்கும் கூடும் அல்லவா?

பாட்டியின் காது

இனி அந்த மூதாட்டியிடம் வருவோம். "காது கேக்குது, பேசுறதுதான் புரியலை" என்று வயதானவர்கள் சொல்வதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். அவர்கள் சொல்வது முற்றிலும் உண்மை.

நம் உட்காதில் நத்தை வடிவில் ஓர் உறுப்பு இருக்கிறது. அதில் சுமார் 15,000 மெல்லிய மயிர் அணுக்கள் உள்ளன. ஒலியை நரம்புச் சேதியாக மாற்றுபவை அவைதாம். வயதினாலும் பலத்த சத்தத்தினாலும் அவை அழிகின்றன; அழிந்தவை மறுபடி முளைப்பதில்லை. பெரும்பாலும் கூர்மையான ஒலிகளைப் பிடிக்கும் அணுக்கள்தாம் முதலில் போகின்றன. ஆகவே "ஆ", "ஓ" போன்ற உயிரொலிகள் நன்றாகக் கேட்கும். மெல்லிய மெய்யொலிகள் தப்பிவிடும். சட்டியா, தட்டியா, பட்டியா என்று குழப்பம். பாட்டி ஊகித்துப் பதில் சொல்கிறார். ஊகம் தவறினால் வீட்டில் சிரிப்பு. நாலு முறை சிரிப்புக்கு ஆளானவர் ஐந்தாம் முறை வாயைத் திறப்பாரா? மூலையில் ஒதுங்கிவிடுகிறார். "கிழவிக்குப் புத்தி மழுங்கிவிட்டது" என்று நாமும் முடிவு கட்டுகிறோம்.

அறுபது வயதைத் தாண்டியவர்களில் நாலில் ஒருவருக்கு மேல் வாழ்க்கையைப் பாதிக்கும் அளவுக்குச் செவித்திறன் குறைந்திருக்கிறது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஆகவே இதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

காது தளர்ந்தால் மூளைக்குச் சுமை

செவித்திறன் குறைந்த முதியவர்கள் வாக்கியங்களைக் கேட்கும்போது, ஒலியை அறியும் மூளைப் பகுதி குறைவாகவே வேலை செய்வதை 2011-இல் அமெரிக்க ஆராய்ச்சி ஒன்று காட்டியது. சத்தத்துக்கு நடுவே சொல்லைப் பிடிக்க முயலும்போது, கவனத்தைச் செலுத்தும் முன்பகுதிகள் கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கிறது என்று தென் கரோலினா மருத்துவப் பல்கலைக்கழகத்தார் 2013-இல் கண்டார்கள். கல்யாண வீட்டிலிருந்து திரும்பிய பாட்டி "தலை வலிக்குது" என்று படுத்துவிடுவதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம். அதே பல்கலைக்கழகத்தில் மார்க் எக்கர்ட் என்பவரின் குழு பிள்ளைகளின் வாசிப்புக் குறையையும் முதியவர்களின் செவிக் குறையையும் சேர்த்தே ஆராய்ந்து வருகிறது. இரண்டும் பேச்சொலியைப் பற்றியவை. இரண்டிலும் மூளைக்குப் பங்கு உண்டு.

ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் டாக்டர் ஃபிராங்க் லின் குழுவினர் 126 பேரைப் பத்தாண்டு வரை தொடர்ந்து கவனித்து 2014-இல் எழுதினார்கள். வயதானால் எல்லோர் மூளையும் சற்றுச் சுருங்கும். காது மந்தமானவர்களுக்கு அது விரைவாக நடந்தது. அதனால் காது மந்தமானவர்களுக்கெல்லாம் புத்தி மழுங்கிவிடும் என்று அஞ்ச வேண்டாம். ஆபத்து சற்றுக் கூடுகிறது, அவ்வளவே.

காதுக் கருவி மாட்டினால் அந்த ஆபத்து குறையுமா? 2023-இல் வெளியான பெரிய சோதனை ஒன்றில் 70 முதல் 84 வயது வரையுள்ள 977 பேர் மூன்றாண்டு கவனிக்கப்பட்டார்கள். எல்லோரையும் சேர்த்துப் பார்த்தபோது பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் ஏற்கெனவே ஆபத்து அதிகம் உள்ளவர்களிடம், கருவியும் ஆலோசனையும் பெற்றவர்களின் அறிவுத் தளர்ச்சி 48 விழுக்காடு குறைந்திருந்தது. அதைவிடப் பெரியது, நாலு பேரோடு பேசிச் சிரிக்கும் வாழ்க்கை திரும்பக் கிடைப்பது.

உழைப்பவர் காதைக் காப்போம்

முதுகில் புல்வெட்டும் யந்திரம் மாட்டி வேலை செய்பவர்களும், செம்பனை ஆலையில் இருப்பவர்களும் இதைக் கவனியுங்கள். மலேசியாவில் 2019-ஆம் ஆண்டு ஜூன் முதல் நடைமுறைக்கு வந்த சத்த விதிமுறைப்படி, எட்டு மணி நேர வேலைக்கு 85 டெசிபலே எல்லை. ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் சத்தத்தின் ஆற்றல் இரு மடங்காகிறது. புல்வெட்டும் யந்திரச் சத்தம் 90-ஐயும் தாண்டும். ஆகவே காதுக் காப்பைக் கேட்டு வாங்கி மாட்டிக்கொள்ளுங்கள். வேலைச் சத்தத்தால் வரும் செவிட்டுத்தன்மை சொக்சோ பட்டியலில் உள்ள தொழில் நோய் என்பதும் நினைவிருக்கட்டும்.

இன்றே செய்யக்கூடியவை

முதலில் ஓர் எச்சரிக்கை. இந்த மூளைப் படங்கள் ஆராய்ச்சிக்கானவை. ஒரு பிள்ளைக்கு டிஸ்லெக்சியா உண்டா இல்லையா என்று எம்.ஆர்.ஐ. படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. யாராவது சொன்னார்கள் என்று அதற்காகக் காசைச் செலவழிக்காதீர்கள். பிள்ளையை வாசிக்கச் சொல்லியும் ஒலிகளைப் பிரிக்கச் சொல்லியும்தான் இதைக் கண்டறிகிறார்கள்.

இரண்டாம் வகுப்பிலும் உங்கள் பிள்ளை முதல் எழுத்தைப் பார்த்துச் சொல்லை ஊகிக்கிறதா? கொம்பையும் காலையும் விட்டுவிடுகிறதா? மேல் வரியில் படித்த சொல் கீழ் வரியில் புதிதாகத் தெரிகிறதா? வாயால் கேட்டால் பதில் சொல்லி, எழுதச் சொன்னால் விழிக்கிறதா? முதலில் கண்ணையும் காதையும் சோதியுங்கள். பிறகு வகுப்பாசிரியரையும் குறைநீக்கல் ஆசிரியரையும் பாருங்கள். அரசாங்க கிளினிக்கில் கேட்டால், குளுவாங் அல்லது பத்து பகாட் போன்ற பெரிய மருத்துவமனைக்குச் சிபாரிசுக் கடிதம் கிடைக்கும். கண்டறிந்த பிறகு சமூக நல இலாகாவில் ஓ.கே.யூ. அட்டைக்கு மனுச் செய்யலாம், எஸ்.பி.எம். பரீட்சையில் கூடுதல் நேரம் போன்ற சலுகைக்கும் விண்ணப்பிக்கலாம். அட்டை என்றதும் அவமானமாக நினைக்காதீர்கள். கண்ணாடி போட்டுக்கொள்வதைப் போலத்தான் அதுவும்.

வீட்டில் தினமும் கால் மணி நேரம் போதும். சொல்லைக் கைதட்டிப் பிரிக்கச் சொல்லுங்கள். மணலில் விரலால் எழுதி, அந்த ஒலியை வாய்விட்டுச் சொல்ல வையுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு எழுத்து வந்தாலும் பாராட்டுங்கள். அண்ணனோடும் பக்கத்து வீட்டுப் பிள்ளையோடும் ஒப்பிட்டுப் பேசாதீர்கள்.

பாட்டிக்கு முதலில் காதில் குறும்பி அடைத்திருக்கிறதா என்று டாக்டரிடம் காட்டுங்கள். சில சமயம் அதுவே காரணமாக இருக்கும். சூடான எண்ணெய் ஊற்றுவதும், கோழி இறகும் ஊக்கும் விட்டுக் குடைவதும் கூடவே கூடாது. கேட்கும் சோதனை எடுக்கச் செய்யுங்கள். அவரிடம் பேசும்போது டிவியை நிறுத்தி, வெளிச்சத்தில் முகத்துக்கு நேரே நின்று, நிதானமாகப் பேசுங்கள். கத்தினால் சத்தம் கூடுமே தவிரத் தெளிவு கூடாது. புரியாவிட்டால் அதையே வேறு சொற்களில் சொல்லுங்கள். "ஒன்றுமில்லை, விடு" என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்த ஒரு சொல்தான் அவர்களை மூலைக்குத் தள்ளுகிறது.

அந்தக் குடும்பத்தோடு நானும் மருத்துவமனைக்குப் போய் வந்தேன். பையனுக்குப் பயிற்சி நடக்கிறது. பாட்டியின் ஒரு காதில் கருவி. மாலையில் லயத்து வாசலில் பேரன் பாட்டியின் முகத்துக்கு நேரே உட்கார்ந்து, ஒவ்வொரு சொல்லாக, மெதுவாகப் படிக்கிறான். அவன் மெதுவாகப் படிப்பதால் பாட்டிக்குப் புரிகிறது. பாட்டி பொறுமையாகக் கேட்பதால் அவனுக்குப் பயம் வருவதில்லை.

"என்னை அடிச்சதை மனசுல வச்சுக்காதீங்க சார்" என்றார் தகப்பனார். அவர் மன்னித்துவிட்டார், நான்தான் மறக்கக் கூடாது. வாசகர்களே, உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை புத்தகத்துக்கு முன்னால் திணறலாம். ஒரு பாட்டியோ தாத்தாவோ மூலையில் மௌனமாக இருக்கலாம். "மக்கு" என்றும் "செவிடு" என்றும் வாயில் வருவதற்கு முன் ஒரு நிமிடம் நில்லுங்கள். கையை ஓங்கிய பின் வருந்துகிற நிலை, எனக்கு வந்ததுபோல் உங்களுக்கும் வர வேண்டாம்.